வில்லை மடியில் வைக்கும் நேரம்

1

போன வாரம் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்க வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். இந்த நாட்டுக்கு வந்து ஐந்து ஆண்டுகள் முடிகின்றன. ஜெர்மனியின் தென்பக்கம் ஒரு சின்ன ஊர். தண்ணீர் பம்பு செய்கிற தொழிற்சாலையில், செய்து முடித்த பம்பை ஓட்டிப் பார்த்துச் சரி சொல்கிற பிரிவில் எனக்கு வேலை. சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், காப்பீட்டு அட்டை என்று எல்லாவற்றையும் அவர்கள் கேட்கிற வரிசையிலேயே அடுக்கிக் கொண்டுபோயிருந்தேன். வரிசை மாறினால் முகமும் மாறும் என்பதை முதல் வருஷமே கற்றுக்கொண்டுவிட்டேன்.

அதிகாரி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "வேலை நேரம் போக ஊர்க்காரர்களோடு பழக்கம் உண்டா? ஏதாவது சங்கத்தில் இருக்கிறீர்களா?" என்று கேட்டார். இங்கே எதற்கும் ஒரு சங்கம் உண்டு. பாடச் சங்கம், முயல் வளர்க்கச் சங்கம், காட்டில் நடக்கக்கூடச் சங்கம். பள்ளிக்கூடங்களில் நடக்கிற இசை நிகழ்ச்சிகளுக்கு நாற்காலி தூக்குகிறேன் என்று பெருமையாகச் சொல்ல வாயெடுத்தேன். அவசரத்தில் 'தூக்குகிறேன்' என்பதற்கான ஜெர்மன் சொல் வரவில்லை. 'வாசிக்கிறேன்' என்பதுதான் வந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நாற்காலியை வாசிக்கிறீர்களா?"

"இல்லை, இல்லை. மற்றவர்கள் வாசிப்பார்கள். நான் நாற்காலியைக் கொண்டுபோய்ப் போடுவேன்."

"நல்லது. அதற்கும் ஓர் ஆள் வேண்டுமே" என்று சொல்லி முத்திரையைக் குத்தினார்.

இந்த நாற்காலி விஷயம் ஊரில் வேறு மாதிரி பரவியிருக்கிறது. ஒருமுறை போனில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா நூறு நாள் வேலைக்குப் போன இடத்தில் சொல்லியிருக்கிறார். அங்கிருந்து அது பாப்பாரப்பட்டியில் இருக்கிற சித்தப்பா வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. உடனே கூப்பிட்டார்.

"என்னடா சக்தி, அத்தன படிச்சுப்புட்டு அங்க போயி சேர் தூக்கறயாமா? கம்பெனில நிறுத்திப்புட்டாங்களா?"

"இல்லைங்க சித்தப்பா. வேல இருக்குதுங்க. இது சும்மா, லீவு போட்டுட்டுப் போறது."

"லீவு போட்டு சேர் தூக்கறயா? இங்க வந்துரு, பந்தல்காரன்கிட்டச் சொல்லி உடறன். அவன் கூலியாவது குடுப்பான்."

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் நான் செய்கிற எதுவும் வீட்டில் ஏற்கெனவே யாரோ செய்த காரியமாக இருப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொல்லியாக வேண்டும். சித்தப்பாவுக்குப் போனில் சொல்லிப் புரியவைக்க முடியாததை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

2

எனக்கு நேர் கீழ்வீட்டில் பிர்கிட் என்கிற பெண்மணி குடியிருக்கிறார். ஐம்பதை நெருங்குகிற வயது. ஊர் இசைப்பள்ளியில் செல்லோ சொல்லிக் கொடுக்கிறார். செல்லோ என்பது வயலினுக்குப் பெரிய அண்ணன் மாதிரி. நாற்காலியில் உட்கார்ந்து, தரையில் ஊன்றி, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமையில் வீட்டுக்குள் சத்தம் எழுப்பக் கூடாது என்று எங்கள் மாடிப்படியில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். முதல் வருஷம் அதை முழுதாகப் படிக்கிற அளவுக்கு எனக்கு மொழி தெரியாது. ஒரு ஞாயிறு காலை மிக்சியில் தேங்காய்ச் சட்னி அரைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. பிர்கிட் நின்றார். மிக்சிக்காகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து மன்னிப்புக் கேட்கப் போனேன். அதற்குள் அவர், "நான் தினமும் சாதகம் செய்வது உங்களுக்குத் தொந்தரவாக இருக்கிறதா? இருந்தால் நேரத்தை மாற்றிக்கொள்கிறேன்" என்றார். இரண்டு பேரும் மாறி மாறி மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம். கடைசியில் சட்னி ஒரு கிண்ணம் கீழே போனது.

பிர்கிட்டும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து ஒரு குழுவாக வாசிக்கிறார்கள். இரண்டு வயலின், கொஞ்சம் பெரிய வயலின் மாதிரி இருக்கிற வியோலா ஒன்று, பிர்கிட்டின் செல்லோ. நம் ஊரில் இதை மேற்கத்திய இசை என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். அதிலே இது ஒரு தனி வகை. பெரிய கூட்டத்துக்கானது அல்ல. நான்கைந்து பேர் ஓர் அறைக்குள் உட்கார்ந்து, மைக் இல்லாமல், எதிரே இருக்கிறவர்களுக்காக வாசிப்பது. மாதத்தில் ஒரு புதன்கிழமை ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய், இதை ஒருபோதும் நேரில் கேட்டிராத பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவார்கள். அவர்களுக்கு உதவிக்கு வந்துகொண்டிருந்தவருக்கு முதுகுவலி வரவும், பிர்கிட் என்னைக் கூப்பிட்டார். நாற்காலி, இசைக் குறிப்பு நோட்டு வைக்கிற தாங்கி, செல்லோ பெட்டி எல்லாவற்றையும் வண்டியிலிருந்து இறக்கி ஏற்றுவதுதான் என் வேலை. அன்றைக்குக் கம்பெனியில் அரை நாள் லீவு போட்டுவிடுவேன்.

உண்மையைச் சொல்கிறேன், முதல் நாள் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிடித்தது என்றுகூடச் சொல்ல முடியாது. ஆனால் வில் கம்பியைத் தொடுவதற்கு முன் நான்கு பேரும் ஒன்றாக மூச்சை இழுத்தார்கள். அது எனக்குக் கேட்டது. அதுவரைக்கும் எத்தனையோ பாட்டுக் கேட்டிருக்கிறேன். வாசிக்கிறவர் மூச்சு விடுகிற சத்தத்தைக் கேட்டதில்லை. அடுத்த மாதமும் போனேன். பிறகு நிறுத்தவில்லை.

பிள்ளைகள் எங்கேயும் பிள்ளைகள்தான். நெளிவார்கள், கொட்டாவி விடுவார்கள், எப்போது முடியும் என்று பக்கத்தில் இருப்பவனை இடிப்பார்கள். முதல் வயலின் வாசிக்கிற யூர்கனுக்குத்தான் அது ஆகாது. அறுபது தாண்டியவர், ஒல்லி, அதிகம் பேச மாட்டார். ஒருமுறை வாசிப்புக்கு நடுவே ஓர் ஆசிரியையின் போன் அடித்தது. யூர்கன் வில்லை இறக்கினார். கண்ணை மூடிக்கொண்டார். அறையில் பொட்டுச் சத்தம் இல்லாமல் ஆகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு முதலிலிருந்து ஆரம்பித்தார். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது.

3

எங்கள் பக்கம் இசை கேட்டால் எங்கேயோ ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். கல்யாணம், காதுகுத்து, பண்டிகை, சாவு. பம்பை மேளத்தின் சத்தத்தை வைத்தே எந்தத் தெருவில் என்ன என்று சொல்லிவிடுவார்கள். தர்மபுரியில் பஸ் ஏறினால் பென்னாகரம் இறங்கும் வரைக்கும் பாட்டு ஓடும். ஆனால் வேறு ஒன்றும் செய்யாமல், கேட்பதற்காக மட்டும் ஓரிடத்தில் உட்கார்ந்து கேட்பது என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது. அதேபோல, முழு அமைதி என்பதை நாங்கள் பார்த்தது பரீட்சை ஹாலில் மட்டும்தான்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பெற்றவர்கள் வர மாட்டார்கள். வரச் சொன்னால் பிள்ளை ஏதோ தப்புச் செய்துவிட்டான் என்று பொருள். அப்பா என்னை ஆறாம் வகுப்பில் சேர்க்க வந்தபோதுகூட கேட்டுக்கு வெளியே செருப்பை விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். அதற்குப் பிறகு வரவே இல்லை.

பிர்கிட்டின் குழுவுக்குப் பெங்களூரில் ஒரு நிகழ்ச்சி அமைந்தது. அதற்கு மறுநாள் சும்மா இருந்தது. வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, "உன் ஊர் இதில் எங்கே?" என்றார் பிர்கிட். காட்டினேன். "பக்கத்தில்தானே இருக்கிறது. உன் பள்ளிக்கூடத்தில் வாசிக்கலாமா?" நானும் அதே சமயம் ஊருக்குப் போகிறதாக இருந்தேன்.

என் தங்கை கலைச்செல்வி அதே அரசு உயர்நிலைப் பள்ளியில் தற்காலிகக் கணக்கு ஆசிரியை. அவளைக் கூப்பிட்டேன். தலைமையாசிரியரிடம் பேசி அனுமதி வாங்கிவிட்டுத் திரும்பக் கூப்பிட்டாள்.

"அண்ணா, எச்.எம். சார் சரின்ட்டாரு. மைக் செட்டு எங்க சொல்றதுன்னு கேக்கறாரு."

"மைக்கே வேணாம் கலை."

"மைக் இல்லாம என்னண்ணா ப்ரோக்ராம்? எழவு வூட்டுக்கே மைக் கட்டறாங்க."

"அவங்க மைக் வெச்சா வாசிக்க மாட்டாங்க. அப்பறம் பசங்க சத்தமே போடக் கூடாது. அதான் முக்கியம். ஒரு பெரியவர் இருக்காரு, சத்தம் வந்தா நிறுத்திருவாரு."

"எவ்ளோ நேரத்துக்கு?"

"ஒரு மணி நேரம்."

"எட்டாங் கிளாஸ் பசங்கள ஒரு மணி நேரம்? நீ அங்க போயி நம்ம பசங்களையே மறந்துட்ட."

4

நிகழ்ச்சிக்கு முந்தின நாள் சாயங்காலம் நான் ஊரில் இருந்தேன். கலையைத் தேடி மாதம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

மாதம்மாள் யார் என்று சொல்லிவிடுகிறேன். அரசுப் பள்ளிகளில் பெற்றோரைக் கொண்ட மேலாண்மைக் குழு ஒன்று இருக்கிறது. அதற்குத் தலைவியாக ஒரு தாயைத் தேர்ந்தெடுப்பார்கள். எங்கள் பள்ளியில் மாதம்மாள்தான் தலைவி. குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக் காட்டில் கூலிவேலை செய்கிறவர். மகள் வெண்ணிலா ஒன்பதாம் வகுப்பு. தலைவி என்று பெயர்தான். விழா என்றால் அவருக்கு ஓரத்தில் ஒரு நாற்காலி போடுவார்கள். விருந்தாளிகளுக்குப் பொன்னாடை போர்த்துவதெல்லாம் தலைமையாசிரியர்தான். இந்த முறை கலை சண்டை போட்டு அந்த வேலையை மாதம்மாளுக்கு வாங்கிக் கொடுத்திருந்தாள். நான்கு பேர், நான்கு பொன்னாடை.

"டீச்சர், நாளைக்கு நான் வரல. வேற ஆருகிட்டயாவது குடுத்துருங்க" என்று வாசலில் நின்றபடியே சொன்னார் மாதம்மாள்.

"ஏக்கா? ஒடம்பு சரியில்லையா?"

"ஒடம்புக்கென்ன. வெண்ணிலா சொல்லிப்புட்டா. நீ மேடை ஏறுனீனா நான் ஸ்கூலுக்கே வர மாட்டேங்கறா."

போன ஆண்டு விழாவில் அவரை மைக்கில் இரண்டு வார்த்தை பேசச் சொல்லியிருக்கிறார்கள். "அல்லாருக்கும் வணக்கமுங்க" என்று ஆரம்பித்தவருக்கு அடுத்த வார்த்தை வரவில்லை. மறுபடியும் "அல்லாருக்கும் வணக்கமுங்க" என்றிருக்கிறார். மூன்றாவது முறையும் அதையே சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். அன்றையிலிருந்து வெண்ணிலாவைப் பார்க்கிற பையன்களெல்லாம் கும்பிட்டு, "அல்லாருக்கும் வணக்கமுங்க" என்று மூன்று முறை சொல்வார்களாம். மாதக்கணக்கில்.

"அவ மேல தப்பு இல்லீங்க. எனக்கே கேக்க ஒரு மாதிரியாத்தான் இருக்குது" என்றார் மாதம்மாள்.

"நாளைக்குப் பேசவே வேண்டாங்க்கா. மைக்கே இல்ல. போயி போத்திட்டு வர்றதுதான்" என்றேன் நான்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "தப்பா ஒண்ணும் ஆயிராதே தம்பி? இன்னொரு வாட்டி ஆச்சுன்னா எம் புள்ள என்னோட பேசவே மாட்டா."

"ஒண்ணும் ஆகாதுங்க்கா."

இந்தியாவுக்கு விமானம் ஏறுகிறவர்கள் இப்படித்தான் எல்லாவற்றுக்கும் உத்தரவாதம் கொடுத்துவிடுகிறோம்.

5

மறுநாள் விடியற்காலையில் பெங்களூர் போய் நால்வரையும் வேனில் கூட்டிக்கொண்டு வந்தேன். காரிமங்கலத்தில் சந்தை. ஆடுகளும் டெம்போக்களும் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. யூர்கன் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை, ஜன்னல் வழியாக ஆடுகளையே பார்த்துக்கொண்டு வந்தார். நான்தான் நொடிக்கொரு தரம் பார்த்துக்கொண்டிருந்தேன், நேரத்தை.

பள்ளியில் இரண்டு வகுப்பறைகளுக்கு நடுவே இருந்த பலகைத் தடுப்பை எடுத்துவிட்டு ஒரே ஹாலாக ஆக்கியிருந்தார்கள். ஒரு கோடியில் முழங்கால் உயரச் சிமெண்ட் மேடை. பிள்ளைகள் தரையில், பரீட்சைக்கு உட்காருகிற மாதிரி இடைவெளி விட்டு, நேர் நேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் ஆள்காட்டி விரலை உதட்டின்மேல் வைத்திருந்தார்கள். ஹால் முழுக்க விரல். பி.டி. சார் கையில் விசிலோடு வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தார். நான் போனில் சொன்னதைத் தலைமையாசிரியர் இப்படிப் புரிந்துகொண்டிருக்கிறார்.

பிர்கிட் என் காதருகே, "எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பல்வலியா?" என்றார்.

"மரியாதை" என்றேன். வேறு என்ன சொல்வது?

தலைமையாசிரியர் வரவேற்றுப் பேசினார். வேகமான ஒரு பகுதியோடு வாசிப்பு ஆரம்பித்தது. ஜெர்மனியில் கேட்டால் எந்தப் பிள்ளையும் காலை ஆட்டிவிடும், அப்படி ஒரு வேகம். எங்கள் பிள்ளைகள் அசையவில்லை. முடிந்ததும் நால்வரும் வில்லை உயர்த்திப் பிடித்திருந்த கணத்தில், நம் ஊரில் கூரை பிய்ந்திருக்க வேண்டும். ஒருவரும் கைதட்டவில்லை. சத்தம் கூடாது என்றால் கைதட்டலும் சத்தம்தானே. தலைமையாசிரியர் திருப்தியாகத் தலையாட்டினார். யூர்கன் திரும்பி என்னைப் பார்த்தார். அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை. ஏதோ தப்பாக வாசித்துவிட்டோமோ என்கிற மாதிரி ஒரு பார்வை.

அடுத்தது மெதுவான பகுதி. மாதம்மாள் மேடைக்குக் கீழே ஓரத்து நாற்காலியில், மடித்த பொன்னாடைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெண்ணிலா மூன்றாம் வரிசையில். ஸ்கூலுக்கு வந்துவிட்டாள், ஆனால் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். நான் கலையோடு கதவருகே நின்றேன்.

நான்கு பேர் சேர்ந்து வாசிக்கும்போது எல்லாருக்கும் எப்போதும் வேலை இருக்காது. ஒருவர் சில நொடிகள் நிறுத்துவார், மற்றவர்கள் வாசிப்பார்கள், பிறகு அவர் சேர்ந்துகொள்வார். பிர்கிட்டுக்கு அப்படி ஓர் இடம் வந்தது. வில்லை மடியில் வைத்தார்.

மாதம்மாள் எழுந்தார். மேடை ஏறினார். ஒரு பொன்னாடையை விரித்து பிர்கிட்டின் தோளில் போர்த்தினார்.

தலைமையாசிரியர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, உட்காரும்மா உட்காரும்மா என்று கையால் காட்டினார். மாதம்மாள் அவர் பக்கம் பார்க்கவில்லை. பின்வரிசையில் சிரிப்பை அடக்குகிற மூக்குச் சத்தம் ஒன்று கேட்டது. வெண்ணிலா தலையை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டாள். நான் மேடையை நோக்கி நகர்ந்தேன். கலை என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"உடுண்ணா. இப்ப எறக்கிவிட்டா அவங்க ஆயுசுக்கும் ஏற மாட்டாங்க."

பிர்கிட் ஒரு நொடி தோளைப் பார்த்தார். பிறகு தன் இடம் வந்ததும், பொன்னாடையோடு, வில்லைத் தூக்கிச் சேர்ந்துகொண்டார். நான் யூர்கனையே பார்த்தேன். நிறுத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் நிறுத்தவில்லை.

மாதம்மாள் இறங்கவும் இல்லை. மீதி மூன்று பொன்னாடைகளைக் கைமேல் போட்டுக்கொண்டு, மேடையில் அவர்களுக்குப் பின்னால் நின்றார். ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டாவது வயலின் வாசிக்கிற ஆன்னா வில்லை இறக்கியதும், ஓரடி முன்னே வந்து அவருக்குப் போர்த்தினார். மறுபடியும் பின்னால் போய் நின்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது: யாருக்குக் கை ஓய்கிறதோ அவருக்குப் போர்த்துகிறார்.

எனக்குப் புரிந்தது பிள்ளைகளுக்கும் புரிந்துவிட்டது. உதட்டின்மேல் இருந்த விரல்கள் ஒவ்வொன்றாக இறங்கின. அடுத்தது யார்? கண்கள் யூர்கனிடமிருந்து வியோலாக்காரர் தோமாஸுக்கும் தோமாஸிடமிருந்து யூர்கனுக்கும் போய்ப் போய் வந்தன. இத்தனை பள்ளிக்கூடங்களில் நாற்காலி போட்டிருக்கிறேன். நான்கு பேரையும் தனித்தனியாக இப்படிப் பார்க்கிற ஒரு கூட்டத்தை நான் கண்டதில்லை. தோமாஸின் கை மெதுவாக ஆகிறது என்றால் ஹாலே கொஞ்சம் முன்னால் சாய்ந்தது. அவர் மறுபடி அழுத்தி இழுத்தால் பின்னால் போனது.

மாதம்மாள் அப்போது யூர்கனுக்குப் பின்னால் போய் நின்றிருந்தார். அவர் எப்போது ஓய்வார் என்று அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் மறுபக்கம் தோமாஸ் வில்லை இறக்கினார்.

மாதம்மாள் கவனிக்கவில்லை.

ஒரு நொடி போயிற்று. இன்னொன்றும் போயிற்று. தோமாஸ் நோட்டைப் பார்த்தபடி காத்திருந்தார். சீக்கிரமே மறுபடி வாசிக்கத் தொடங்கிவிடுவார்.

"யம்மா! அந்தப் பக்கம்! கண்ணாடி போட்டவரு!"

வெண்ணிலாதான். எழுந்து நின்று, கையை நீட்டிக் கத்தினாள். பி.டி. சார் விசிலை வாயில் வைத்தவர் ஊத மறந்துவிட்டார். மாதம்மாள் திரும்பி, இரண்டே எட்டில் போய், தோமாஸ் வில்லைத் தூக்குவதற்குள் போர்த்திவிட்டார். ஹாலில் ஒரு பெருமூச்சு போனது. வெண்ணிலா நின்றபடியே இருந்தாள். உட்கார மறந்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

யூர்கனுக்கு வாசிக்க நிறைய இருந்தது. பாட்டே அவர் கையில்தான். மாதம்மாள் கடைசிப் பொன்னாடையை விரித்து இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் நின்றார். அவர் ஓயவில்லை. சத்தம் சின்னதாகிக்கொண்டே போயிற்று. வில்லின் மயிர் கம்பியில் உரசுகிறது மட்டும்தான் கேட்கிறது என்கிற அளவுக்குச் சின்னதாகி, அதற்குப் பிறகும் கொஞ்சம் இருந்தது. பிறகு வில் இறங்கியது.

பொன்னாடை அவர் தோளில் விழுவதற்கு முன்னாலேயே பிள்ளைகள் கத்திவிட்டார்கள். கைதட்டல், விசில், தரை தட்டல் எல்லாம் ஒன்றாக. சத்தம் கூடாது என்று அடக்கி வைத்திருந்தது எல்லாம் சேர்ந்து வந்தது.

6

இதை எழுதுகிற நேரத்தில் கீழே பிர்கிட் அதே மெதுவான பகுதியைச் சாதகம் செய்துகொண்டிருக்கிறார். தரை வழியாக அவருடைய பங்கு மட்டும் கேட்கிறது. அவர் நிறுத்துகிற இடங்களில் எனக்கு ஹீட்டரின் சத்தம்தான் கேட்கிறது. முன்பெல்லாம் மறந்துவிட்டார் போல என்று நினைப்பேன்.

அன்றைக்கு நடந்ததன் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். எல்லாம் முடிந்து, வராந்தாவில் விருந்தாளிகளுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியர் மாதம்மாளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, எல்லாம் முடிச்ச பொறவுதானே போத்தணும்னு டீச்சர் சொல்லுச்சு? நடுவுல போயி நின்னுட்டீங்களே?"

மாதம்மாள் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டார். "சொன்னாங்க சார். ஆனா முடிச்ச பொறவு போத்துனா, சரி கெளம்புங்கன்னு அனுப்பி வெக்கிற மாதிரி ஆயிருமுங்களே? எங்க ஊட்டுப் பக்கம் மாரியம்மன் பண்டிகைக்கு மேளம் வந்தா, ஒருத்தரு கை ஓயற நேரம் பாத்துத்தான் துண்டு போத்துவோம். அடிக்கறது நிக்கவே கூடாதுங்க. சாமி எறங்கிக்கிட்டு இருக்கையில நிறுத்திப்புட்டு மருவாதி பண்ணுவாங்களா?"

தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். நான் யூர்கனிடம் மொழிபெயர்த்தேன். சாமி இறங்குவதை ஜெர்மனில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஏதோ சொல்லி ஒப்பேற்றினேன். யூர்கன் பொன்னாடையைக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்படியானால் எனக்கு மட்டும் ஏன் கடைசியில்?" என்று கேட்டார். முகத்தில் சிரிப்பில்லை. உண்மையிலேயே குறைப்பட்டுக்கொள்கிறார் என்று தோன்றியது.

அதை அப்படியே சொன்னால் மாதம்மாள் பயந்துவிடுவார். நான் கொஞ்சம் மாற்றி, "பரவால்லீங்க்கா. அவரு நடுவுல நிறுத்தவே இல்ல. நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றேன்.

"யாரு சொன்னது?"

வெண்ணிலா. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அம்மாவுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள்.

"ரெண்டு வாட்டி சும்மா இருந்தாருங்கண்ணா. அந்தக் கண்ணாடிக்காரருக்குப் போத்தறதுக்கு முன்னாடி ஒண்ணு. அதுக்கப்பறம் ஒண்ணு. கொஞ்ச நேரந்தான்."

நான் யூர்கனைக் கேட்டேன். அவர் அவளைப் பார்த்துக்கொண்டே இரண்டு விரலை உயர்த்தினார். பிறகு அதில் ஒன்றை மடக்கி, இது ரொம்பச் சின்னது என்று கட்டைவிரலும் சுட்டுவிரலும் கிட்டத்தட்ட ஒட்டுகிற அளவுக்குக் காட்டினார்.

"அப்பவே சொல்றதுக்கென்னடி? அங்க வாயத் தொறந்தவ அதுக்கும் தொறந்திருக்கலாமில்ல?" என்றார் மாதம்மாள்.

"ரெண்டாவதுக்குச் சொன்னன். உங் காதுல வுழுந்தாத்தான? வாயப் பொளந்துக்கிட்டு அவரு கையவே பாத்துக்கிட்டு நின்ன."

"கையப் பாக்காம வேற எதப் பாக்கறது?"

"கையப் பாத்தா லேட்டாயிரும்மா. மொகத்தப் பாக்கணும். நிறுத்தறதுக்கு முன்னாடி புருவத்தத் தூக்கறாரு."

"அதென்னமோ, எனக்கு முதுகுப் பக்கந்தான் தெரிஞ்சது."

"அதத்தான் சொல்றன். நீ நின்ன எடமே தப்பு."

பஸ் வருகிற நேரம். இரண்டு பேரும் மைதானத்தைக் கடந்து நடந்தார்கள். எந்த இடத்தில் நின்றிருக்க வேண்டும் என்று வெண்ணிலா நடந்துகொண்டே கையை நீட்டி நீட்டிக் காட்டினாள். மாதம்மாள் விடாமல் ஏதோ பதில் சொல்லிக்கொண்டே போனார். கேட்டைத் தாண்டியும் அந்தச் சண்டை ஓயவில்லை.